மரத்தில் இருக்கிறதா வீடு, வடிவத்திலா?

ஜெர்மனியின் குவெட்லின்பர்க் நகரில், வோர்ட்காஸ தெருவின் 3-ஆம் எண் மரச்சட்ட வீடு 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் தூண்கள் அடியிலிருந்து கூரைவரை ஒரே நெடுமரமாக நிற்கின்றன. 1965 வரை அங்கே மக்கள் குடியிருந்தார்கள். இன்று அது அருங்காட்சியகம்.

இத்தகைய வீட்டைச் செப்பனிடும் தச்சர் முதலில் பார்ப்பது அடிச்சட்டத்தை. ஈரம் ஏறி உளுத்துப்போவது பெரும்பாலும் அதுதான். கெட்ட பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, புதிய ஓக் துண்டைப் பழைய மரத்தோடு இணைத்து, மர ஆணியால் இறுக்குகிறார். பல நூற்றாண்டுகள் இப்படியே போனால், மிஞ்சுவது எந்த வீடு?

இது பழைய கேள்விதான். பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட, கிரேக்கத் தொன்ம வீரன் தீசியஸின் கப்பல் அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் வாதிட்டதைப் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் பதிவு செய்திருக்கிறார்.

ஹில்டஸ்ஹைம் நகரம் அந்தக் கேள்வியை மேலும் கூர்மையாக்குகிறது. 1529-இல் எழுந்த இறைச்சி வணிகர் சங்க மாளிகை 1945 மார்ச் குண்டுவீச்சில் எரிந்து அழிந்தது. அங்கே பிறகு வந்த நவீன ஓட்டலை இடித்துவிட்டு, 1987 முதல் 1989 வரை பழைய வடிவிலேயே ஓக் மரத்தில் மாளிகையை மீண்டும் எழுப்பினார்கள்.

இறந்த கட்டடத்துக்கு உயிர்கொடுக்க முடியாது என்றார் 1849-இல் ஆங்கிலேயக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின். ஜப்பானின் இசே ஆலயமோ 20 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்பட்டும் தொன்மையானதாகவே வணங்கப்படுகிறது. மரபும் கைத்திறனும் உண்மைத்தன்மையின் சான்றுகளாகலாம் என்றது மரபுச்சின்னங்களின் உண்மைத்தன்மை குறித்த 1994-இன் நாரா ஆவணம்.

ஆகவே குவெட்லின்பர்க்கில் மரமே சாட்சி. ஹில்டஸ்ஹைமில் திரும்பி வந்தது தச்சுக்கலையும் ஊராரின் நினைவும். இரண்டையும் மதிக்கலாம், ஆனால் புதியதைப் பழையதென்று சொல்லக்கூடாது.