இரவல் குரல்

1924 ஜனவரி 15 அன்று பி.பி.சி. ஒலிபரப்பிய ரிச்சர்ட் ஹியூஸின் 'டேஞ்சர்', வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் விளக்கு அணைந்துபோவதில் தொடங்குகிறது. வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் பிரிட்டிஷ் நாடகமாக அது கருதப்படுகிறது. பாத்திரங்களும் இருட்டில், கேட்பவனும் இருட்டில். மேடையில் பேசாமல் நிற்பவனும் இருக்கிறான். வானொலியில் பேசாதவன் இல்லாதவன். மனிதன் முழுக்கவும் குரல்தான்.

இதிலேயே ஒரு தார்மீகப் பிரச்சினையும் இருக்கிறது.

1937 மே 6 அன்று அமெரிக்காவில் லேக்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்து விழுந்தது. 36 பேர் மாண்டார்கள். நேரில் நின்று வர்ணித்த ஹெர்பர்ட் மாரிசனின் குரல் உடைந்து அழுகையானது அப்படியே ஒலித்தட்டில் பதிவாகியிருக்கிறது. 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் சி.பி.எஸ். வானொலியில் 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாடகத்தை நடத்தினார். அதில் நிருபராக நடித்த ஃபிராங்க் ரீடிக், மாரிசனின் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தன் குரலைத் தயார்செய்துகொண்டார். செவ்வாய்க்காரர்களின் நெருப்பு நெருங்குகிறது. நிருபரின் பேச்சு பாதியில் அறுபடுகிறது. பிறகு சில கணங்கள் நிசப்தம்.

அன்றிரவு அமெரிக்காவே பீதியில் ஓடியது என்பது பெருமளவு பத்திரிகைகள் ஊதிய கதை. என் கேள்வி வேறு. சாவைக் கண்டு ஒருவன் அழுத அழுகையை இன்னொருவன் பாடம் செய்யலாமா?

நடிகன் வேறெங்கே போய்க் கற்பான் என்று நானும் நினைத்திருந்தேன், நாடகத்தைக் கேட்ட பிறகு மாரிசனின் பதிவைக் கேட்கும்வரை. நிஜ அழுகை எனக்கு நடிப்பாகப் பட்டது.

வங்கியில் கையெழுத்தை ஒத்துப்பார்ப்பது என் பிழைப்பு. போலிக் கையெழுத்தால் பணம் போவது ஒரு தடவைதான். அதன்பின் அசல் ஆளே வந்து கையெழுத்திட்டாலும் சந்தேகத்தோடு நிமிர்ந்து பார்க்கிறோமே, அதுதான் பெரிய நஷ்டம்.

இருந்தும் ரீடிக்கைக் குற்றவாளியாக்க மனம் வரவில்லை. பதிவுக் கருவியின் வேகப் பிசகால் மாரிசனின் குரலே இயல்பைவிட உச்சத்தில் ஒலிக்கிறது என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். நிஜமும் கலப்பில்லாமல் வந்து சேர்வதில்லை என்றாகிறது. பிசகு என்னிடம்தான். அழுகை அசல் என்று ருசுவான பிறகு இரங்கலாம் என்று காத்திருந்தேன். அப்படி ருசு கேட்பவன் யாருக்கும் இரங்கப்போவதில்லை. ஏமாறும் அபாயத்தை ஏற்காமல் இரக்கம் சாத்தியமில்லை. 1924ல் விளக்கை அணைத்தபோது ஹியூஸ் கேட்பவனிடம் ஒப்படைத்தது அந்த அபாயத்தைத்தான்.