அரசின் ஏற்பும் ஆசார்யன் ஏற்பும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கருவேப்பிலங்குறிச்சியில் எங்கள் திருமாளிகைப் பெருமாள் ஸந்நிதியில், பாட்டனார் காலத்து ஸ்ரீகோசம் ஒன்று எழுந்தருளியிருக்கிறது. 100 ஆண்டுகளுக்கு முன் அச்சான நாலாயிரம். தாள் பழுத்துவிட்டது, தொட்டால் உதிர்கிறது. அண்மையில் வந்த அன்பர் ஒருவர், "ஸ்வாமி, இதற்கு அரசின் சான்று பெற்றால் நூலுக்கு ஒரு மதிப்பு வருமே" என்றார். அவ்வார்த்தை எங்களைச் சில நாள் உறங்கவிடவில்லை. அரசின் ஏற்பு ஒரு திருநூலுக்குத் தருவது யாது?

தஞ்சையில் நிகழ்ந்ததொன்று நினைவுக்கு வந்தது. சீகன்பால்கு தமிழாக்கி, தரங்கம்பாடியில் 1715இல் அச்சேறிய புதிய ஏற்பாட்டின் பிரதியொன்று சரஸ்வதி மஹாலில் இருந்தது. சரபோஜி மன்னரின் கையொப்பம் கொண்டது. 2005இல் அது காணாமற்போயிற்று. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் சேகரிப்பில் அது இருப்பதாகத் தமிழகச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவினர் 2022இல் அறிவித்தனர். வேறு சமயத்தாரின் நூலாயினும், திருநூலை இழந்த வருத்தம் எவர்க்கும் ஒன்றே. பழமையான பொருள்கள் அரசின் இசைவின்றி நாட்டை விட்டு வெளியேறலாகாது என்கிறது 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம். அரசு ஒரு நூலை நாட்டின் செல்வமாக ஏற்றிராவிடில் அதைக் கடல் கடந்து தேடுவார் யார்? ஆகவே அரசின் ஏற்பை எளிதாகக் கருதுவதற்கில்லை.

ஆயினும் அவ்வேற்பு காண்பது நூலின் வயதையும் உடைமையையுமே. அதை ஓதுவார் உண்டா என்று அது கேட்பதில்லை.

விருத்தாசலத்தில் வங்கிப் பணியில் இருந்தபோது பீங்கான் தொழிற்கூடத்தார் பலருக்குக் கடன் வழங்கியிருக்கிறோம். ஒருவர் தம் உழைப்பால் ஈட்டிய நற்பெயரைத் தம் கணக்கேட்டில் சொத்தாக எழுதலாகாது. விலைகொடுத்து வாங்கிய நற்பெயரையே எழுதலாம் என்பது கணக்கியல் விதி. ஏட்டில் ஏறாத அந்த நற்பெயரை நம்பியன்றோ ஊரார் அவர்களிடம் சரக்கு வாங்கினர்? சீக்கியரின் குரு க்ரந்த் ஸாஹிப் சட்டத்தின் பார்வையில் ஒரு நபர் என்று 2000இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் அதனைக் குருவாகக் கொண்டதோ 1708இல். நீதிமன்றம் குருவை உண்டாக்கவில்லை. முன்பே இருந்ததை ஏட்டில் பதிந்தது, அவ்வளவே.

நம் பூர்வர்கள் வாழ்வில் நிகழ்ந்த வேறோர் ஏற்பை நோக்குவோம். நஞ்சீயர் தாம் அருளிச்செய்த ஒன்பதினாயிரப்படியைப் படியெடுக்குமாறு வரதராஜரிடம் தந்தருளினார். காவிரியைக் கடக்கையில் ஓலை வெள்ளத்தில் போயிற்று. அவர் ஆசார்யனிடம் கேட்டவற்றை நெஞ்சிற்கொண்டு மீண்டும் எழுதி ஸமர்ப்பித்தார். அதில் சிறந்த அர்த்தவிசேஷங்களும் கூடியிருக்கக் கண்டு உகந்த நஞ்சீயர், அவரை 'நம்பிள்ளை' என்று அழைத்தார் என்பது குருபரம்பரை வழிவரும் வரலாறு. அங்கே ஏற்கப்பட்டது ஓலையன்று. ஓலை போன பின்னும் போகாதிருந்த கேள்வி.

அப்படியாயின் ஏட்டைக் காக்க வேண்டாவோ எனில், காக்கத்தான் வேண்டும். எல்லார்க்கும் அத்தகைய நெஞ்சு வாய்ப்பதில்லை. ஆனால் நாதமுனிகளுக்கு முன் நாலாயிரம் மறைந்து கிடந்தது, ஓதுவார் குறைந்ததாலன்றோ? காப்பு வேறு, கைங்கர்யம் வேறு. முன்னதை அரசு செய்யலாம். பின்னதை நமக்காக எவரும் செய்ய இயலாது.

இதை எழுதுகையில் எங்கள் குற்றமும் புலப்பட்டது. ஸ்ரீகோசத்தைக் கண்ணாடிப் பேழையில் எழுந்தருளப்பண்ணிய நாள்முதல், நாங்கள் அதற்குத் துளஸி ஸமர்ப்பித்தோமேயன்றி, பாசுரம் ஸேவிப்பதை விட்டுவிட்டோம். சான்று தேடிச் செல்லுமுன் செய்யவேண்டியது வீட்டிலேயே இருக்கிறது. பழைய பிரதியை நூலகம் ஒன்றின் காப்பில் சேர்க்க எண்ணியுள்ளோம். நேற்று மாலை முதல் புதிய பிரதியொன்றை வைத்துக்கொண்டு, பேரக்குழந்தைகளுடன் நாளொன்றுக்குப் பத்துப் பாசுரம் ஸேவித்து வருகிறோம். இடையிடையே பிழை நேர்கிறது, பெரியோர் பொறுத்தருள்க.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.