நல்ல பாம்பு சொல்லித்தந்த பாடம்



போன மாசம் ஒரு ராத்திரி சர்வர் டவுன். டீம் கால்ல ஜூனியர் பையனை எல்லார் முன்னாடியும் கத்திட்டேன். தப்பு என் கோடுலதான்னு மறுநாள் தெரிஞ்சது. அதுக்கப்புறம் அவன் என்கிட்ட சரியா பேசலை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, கும்மிடிப்பூண்டியில இருந்து சிறுவாபுரி முருகனைப் பார்க்கப் போற வழியில, வயல் ஓரமா ஒரு நல்ல பாம்பு படம் எடுத்து நின்னுச்சு. நான் கல்லைத் தேடினேன். பின்னாடி வந்த இருளர் பெரியவர், "அசையாம நில்லு தம்பி, அதுவே போயிடும்" என்றார். போயிடுச்சு.

பாம்புக்கு விஷம் இரை பிடிக்கத்தான். செலவானா திரும்ப ஊற நாளாகும். அதனால முதல்ல படம், அப்புறம் சீறல். மிதிச்சாலோ மடக்கினாலோதான் பெரும்பாலும் கடி. நானோ எச்சரிக்கையே இல்லாம நேரா கடிச்சிருக்கேன், அதுவும் தப்பே பண்ணாத ஒருத்தனை.

அப்போ கோபமே கூடாதா? முருகனுக்கும் கோபம் வந்ததே! ஆனா சூரனை மயிலும் சேவலுமா மாத்தித் தன்கூடவே வச்சுக்கிட்டார். அந்தக் கோபம் தணிஞ்ச இடம்தான் நம்ம திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணி, ஐந்தாம் படைவீடு. அதனாலதான் அங்க சூரசம்ஹாரம் நடத்துறதில்லை. போர் நடந்த திருச்செந்தூரும் படைவீடு, கோபம் தணிஞ்ச தணிகையும் படைவீடு. நான் முதல் பாதியை மட்டும் பிடிச்சுக்கிட்டேன்.

மறுநாள் அதே டீம் கால்ல அவன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். கத்தினது எல்லார் முன்னாடியும்தானே?

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!