பொறுத்தலும் போக்குதலும்

பெங்களூர் அடுகோடியிலிருந்து வடகிழக்கே சிறிது தொலைவில், பழைய விமான நிலையச் சாலையில் உள்ள விமானப்படை ஆஸ்பத்திரியின் வாயிலைக் கடக்கும்போதெல்லாம், பெங்களூர்த் தண்டில் (கன்டோன்மென்டில்) 1883ஆம் ஆண்டு பதில் படை வைத்தியராக இருந்த ரொனால்டு ராஸ் என்னும் இளைஞருக்கும் ஓர் இராணுவ அதிகாரிக்கும் நிகழ்ந்த சிறு விவாதம் என் நினைவில் எழுகிறது.

இத்தண்டு ஏற்பட்டதற்கே நோய் ஒரு காரணம். 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அங்கே தங்கிக் காய்ச்சலால் நலிந்த ஆங்கிலப் படைக்கு, 1809இல் இம்மேட்டு நிலத்தில் இடம் அமைந்தது. இந்தியாவிலிருந்த ஆங்கிலச் சிப்பாய்களில் ஆண்டுதோறும் 1000 பேருக்கு 69 பேர் இறந்தனரென்றும், அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது போரன்று, நோயே என்றும் 1863இல் வெளிவந்த அரச கமிஷன் அறிக்கை காட்டிற்று.

ராஸ் தம் பங்களாவின் புறத்தே தொட்டியில் தேங்கிய நீரில் கொசுப்புழுக்களைக் கண்டு, தொட்டியைக் கவிழ்த்தார். கொசுத் தொல்லை குறைந்தது. அதிகாரிகளின் போஜன விடுதியிலும் அவ்வாறே செய்யலாமென்று அவர் கூற, அட்ஜுடண்டாகிய அவ்வதிகாரி மறுத்தார். கொசுக்களும் ஏதோ பிரயோஜனத்துக்காகச் சிருஷ்டிக்கப்பட்டவையே. அவற்றை ஒழிப்பது இயற்கையின் ஒழுங்கைக் குலைப்பதாகும். சகித்திருப்பதே நம் கடமை என்பது அவர் வாதம்.

இதனை மூடத்தனமென்று தள்ள என் மனம் ஒப்பவில்லை. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை அந்நாளில் ராஸும் அறியார். மேலும், நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து 'எல்லாம் அவன் செயல்' என்று பெருமூச்செறியும் நம் பாட்டிமாரின் சொல்லும் இதற்கு நெடுந்தூரமன்று. வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்து, இரண்டையும் நிற்கவிட்டார். ஆயினும், என் நோவை நான் பொறுப்பது தவமாகலாம். பிறனுடைய நோவை நான் பொறுத்திருப்பது எங்ஙனம் தவமாகும்? அதிலும் சிப்பாய், தான் படுக்கும் இடத்தையும் பருகும் நீரையும் தானே தெரிந்துகொள்ள உரிமையற்றவன். அவன் ஊழென்று எண்ணித் தலைவணங்குவது, பல வேளைகளில், மேலதிகாரி ஒருவர் மேசைமுன் அமர்ந்து செய்த தீர்மானமேயன்றி வேறில்லை.

1895இல் வாந்திபேதியைத் தடுக்க ராஸ் மீண்டும் பெங்களூருக்கு அனுப்பப்பட்டார். 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், சிகந்தராபாத்தில், ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அக்கொசுவுக்கு இரத்தம் அளித்தவர் ஹுசேன் கான் என்னும் மலேரியா நோயாளி. கொசுவுக்கு ஓர் அணா வீதம் பெற்று, வலைக்குள் படுத்து, அவர் கடிபட்டார்.