மீட்சி யாருக்கு?

ஏறத்தாழ 25 கோடியே 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், சைபீரிய எரிமலைகள் கக்கிய வளிகளால் உலகு வெம்மையுற்றது. கடல்நீரில் உயிர்வளி குன்ற, கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுக்கு மேல் மாண்டன. அதன்பின் சுமார் 60 இலட்சம் ஆண்டுகளில், 17 மீட்டர் நீளமுடைய ஊர்வன இனத்து வேட்டை விலங்கொன்று கடலில் நீந்தியது. அமெரிக்க நாட்டு நெவாடாவில் கிடைத்த அதன் மண்டையோடு மட்டுமே ஏறக்குறைய 2 மீட்டர்! 2021இல் அறிஞர் அதற்குச் சிம்போஸ்பாண்டிலஸ் யங்கோரம் எனப் பெயரிட்டனர். நம் நாவுக்கு எளிதன்று.

இத்துணைப் பேருடலுக்கு இரை வேண்டும். அவ்விரைக்கும் இரை வேண்டும். ஆதலின் கடல் மீண்டது என்பர். மீண்டது எது? டிரைலோபைட்டுகளின் குலம் அன்றே அற்றது. பழைய பவளங்களும் அற்றன. பன்னெடுங்காலம் கழித்துத் திட்டு அமைத்த பவளங்கள் வேறு மரபின. பின்வந்த செழுமையால் முன்னை அழிவும் நன்றே என வாதிடுவார் உளர். யான் ஒப்பேன். ஒரு தலைப்பின் மிச்சத்தை மற்றொன்றின் பற்றாக்குறைக்கு ஈடுகட்ட எங்கள் கணக்குப் பிரிவே இசையாது!

எரிமலைக்கு அறிவில்லை, அதனைப் பழிப்பாரும் இலர். இன்று நிலக்கரியும் எண்ணெயும் எரித்துக் கடலைச் சூடேற்றுவோர் நாம். இலட்சத்தீவில் பவளம் வெளிறுகையில், “இயற்கை தானே தேறிக்கொள்ளும்” என்று ஆறுதல் கூறுவோர், எந்தப் பவளத்தை எண்ணிக் கூறுகின்றனர்?