இமையில் படியும் தாது

பொடிக்குச் சொந்தப் பசை கிடையாது. அச்சில் இறுக்கி விற்கும் ஐஷேடோவில் எண்ணெயும் பிணைக்கும் சரக்கும் சேர்ந்திருப்பதால் விரல் பட்டதும் ஒட்டிக்கொள்ளும். டப்பாவில் உதிரியாக வரும் மினரல் பொடியில் பெரும்பாலும் நிறமும் மினுக்கமும்தான் இருக்கும். அது இமையில் தங்குவதும் கன்னத்தில் உதிர்வதும், அடியில் என்ன தடவியிருக்கிறோம், கை எப்படி இறங்குகிறது என்ற இரண்டைப் பொறுத்தது. மாமல்லபுரம் பக்கம் மூன்றாவதாகக் காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

*

செங்கல்பட்டில் கல்யாண ஒப்பனை, கடற்கரைப் பக்கம் நாட்டிய ஒப்பனை என்று என் வேலை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. டிசம்பரில் தொடங்கி ஜனவரி வரை சுற்றுலாத் துறை மாமல்லபுரத்தில் நாட்டிய விழா நடத்தும். மேடை திறந்தவெளியில். வாடை அடிக்கும் மாலைகளில் ஒப்பனை அறையின் துணித் தடுப்பு உப்பித் தாழ்ந்துகொண்டே இருக்கும். ஃபேனை நிறுத்திய பிறகுதான் பொடி டப்பாவைத் திறப்பேன்.

“வேர்க்குதுக்கா.”

“ரெண்டு கண்ணு முடியட்டும், போட்டுடறேன். அதுவரைக்கும் பொறுத்துக்கம்மா.”

அந்த நேரத்தில் பேச்சும் குறைந்துவிடுகிறது. மூச்சை வேகமாக விட்டால்கூடப் பொடி எழும் என்று பிள்ளைகள் தாமாகவே தெரிந்துகொள்கிறார்கள்.

*

டப்பாவிலிருந்து நேராக எடுப்பதில்லை. மூடியில் ஒரு சிட்டிகை தட்டிக்கொண்டு, பிரஷின் நுனியை அதில் மெல்லச் சுழற்றி, மூடி விளிம்பில் ஒரு தட்டு தட்டுவேன். மயிர்களுக்கு நடுவே ஏறியது உள்ளே இறங்கும், மேலே சும்மா நிற்பது விழுந்துவிடும். போதாது என்று தோன்றும் அளவே சரியான அளவு. இன்னொரு பூச்சு எப்போது வேண்டுமானாலும் போடலாம். அதிகமாகிப் போனதை எடுக்கப் போனால் அடியில் தடவியதும் கூடவே கிளம்பி வரும்.

*

வாசலில் தண்ணீர் தெளித்து, ஈரம் மண்ணுக்குள் இறங்கி, மேலே பளபளப்பு அடங்கின பிறகுதான் கோலமாவை எடுப்பார்கள். காய்ந்த தரையில் மாவு பறக்கும், தேங்கின ஈரத்தில் கரையும். இமைக்கும் அந்தப் பதம்தான் வேண்டும். பிரைமரையோ கிரீமையோ மோதிர விரலால் மெல்லியதாக இழுத்துவிட்டு, அது பாதி உலரும்வரை காத்திருக்கிறேன். விரலால் தொட்டால் லேசாகப் பிடிக்க வேண்டும், வழுக்கக் கூடாது. கனமாகத் தடவினால் முதலில் நிறம் தூக்கலாகத் தெரியும். ஒரு வர்ணம் ஆடி முடிப்பதற்குள் இமை மடிப்பில் அத்தனையும் கோடாகச் சேர்ந்து நிற்கும். ஆடுகிற பெண்ணுக்கு இமை சும்மா இருப்பதில்லை. நாட்டிய நூலான அபிநய தர்ப்பணம் எட்டு வகைப் பார்வை சொல்கிறது. ஒவ்வொரு பார்வைக்கும் அந்த மடிப்பு திறந்து மூடுகிறது.

இந்தக் காத்திருப்பைத்தான் கற்றுக்கொடுப்பது கடினம். அவசரத்தில் எல்லோரும் விடுவதும் இதைத்தான்.

*

தேய்க்கக் கூடாது, அமுக்க வேண்டும். ஏன் என்பதற்குக் காரணம் பொடிக்குள்ளேயே இருக்கிறது.

மினுக்கம் தருவது மைக்கா. ஊரில் காக்காப்பொன் என்போம். ஏடு ஏடாகப் பிரியும் கல் அது. எவ்வளவு நுணுக்கினாலும் உருண்டையாகாமல் தட்டைச் செதிலாகவே இருக்கும். அந்தச் செதிலின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடை நானோமீட்டர் கணக்கில் படிய வைக்கிறார்கள். பூச்சு சுமார் 50 நானோமீட்டர் கனத்தில் இருந்தால் வெள்ளி மினுக்கம். கனம் கூடக் கூடத் தங்கம், சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் நகரும். சாயம் எதுவும் கலக்காமல், ஒளி மேலும் கீழும் பட்டுத் திரும்புவதாலேயே வரும் நிறம் இது.

செதில்கள் இமையோடு ஒட்டிப் படுத்திருந்தால் ஒளி ஒரே திசையில் திரும்பும், கண் மின்னும். தேய்த்தால் அவை எழுந்து, சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழும். ஒளி நாலாபக்கமும் சிதறிப்போக, அதே பொடி மங்கலாகத் தெரியும். பாதி காற்றோடு போகும். ஆகவே தட்டைப் பிரஷை இமை ரோமத்தின் ஓரத்தில் வைத்து, அமுக்கி, எடுத்து, அடுத்த இடத்தில் வைத்து அமுக்குவது. இப்படியே மடிப்பு வரைக்கும். மேல் விளிம்பு கோடாகத் தெரிந்தால் பொடி தொடாத வேறொரு பிரஷால் சின்னச் சின்ன வட்டமாகக் கலைத்துவிட்டால் போதும். மினுக்கமில்லாத நிறத்தை முதலில் வைத்துவிட வேண்டும், மினுங்குவது அதற்கு மேலே.

ஈரப் பிரஷின் ரகசியமும் இதுவே. நுனியை நனைத்து, துணியில் ஒற்றி, மூடியில் இருக்கும் பொடியைத் தொட்டு வைத்தால், நீர் உலரும்போது செதில்களைக் கீழே இழுத்துப் படுக்க வைக்கிறது. உலோகத் தகடு பதித்த மாதிரி ஒரு பளபளப்பு வரும். தண்ணீரில் ஒரு சொட்டு கிளிசரின் கலந்தால் பிடிமானமும் கூடும். மேடை வெகு தூரத்தில் இருக்கும்போது மட்டும் இதைச் செய்கிறேன். கல்யாண மண்டபத்தில், கேமரா முகத்துக்கு அருகில் வரும் இடத்தில், உலர் பூச்சே அழகு. நனைந்த பிரஷ் டப்பாவுக்குள் மட்டும் போகவே கூடாது. பொடி கட்டிதட்டும், நாளடைவில் பூஞ்சை பிடிக்கும்.

*

மாமல்லபுரத்துப் பட்டறைகளில் சிலைக்குக் கண் கடைசி. மேனி, ஆடை, அணி எல்லாம் முடிந்து, நல்ல நேரம் பார்த்து ஸ்தபதி கண் திறப்பார். அதுவரை அது கல்.

எனக்குக் கண்தான் முதல். உதிரிப் பொடி எவ்வளவு கவனமாக வைத்தாலும் கொஞ்சம் கீழே விழும். கன்னத்தில் ஏற்கனவே ஃபவுண்டேஷன் பூசியிருந்தால் விழுந்த துகள் அதில் ஒட்டிக்கொள்ளும், துடைத்தால் கறையாகும். வெறும் கன்னத்தில் விழுந்ததை உலர்ந்த பிரஷால் ஒரு வீச்சில் தள்ளிவிடலாம். கைவிரலால் துடைக்க மட்டும் விடக் கூடாது, விரலின் எண்ணெய் அதைத் தோலோடு பதித்துவிடும். கண் முடிந்த பிறகே முகம். மை கடைசியில், கடைக்கண்ணைத் தாண்டி நெற்றிப்பொட்டுப் பக்கம் நீளும் அந்தத் தடித்த கோடு.

*

செங்கல்பட்டு 2019-ல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. கூத்துக்கு அந்த எல்லை கிடையாது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பாலாற்றின் இரண்டு பக்கமும் ஒரே பாரதம்தான் நடக்கிறது. முகத்தில் பொடி பூசுவதை இந்த மண்ணில் ஆழமாகத் தெரிந்து வைத்திருப்பவர்கள் அழகுநிலையக்காரர்களைவிடக் கூத்தாடிகள்தான் என்பது என் திடமான எண்ணம். இரவு தொடங்கினால் விடியும்வரை ஆட்டம். கட்டை வேஷக்காரருக்கு மரத்தில் செய்த கிரீடமும் தோள் அணியும் மார்பணியும் உண்டு. அந்தச் சுமையோடு பாடி, கிறுகிறுவெனச் சுழன்று, வேர்த்துக் கொட்டி, அதிகாலையிலும் முகத்தில் நிறம் நிற்கிறது.

ஒருமுறை வாத்தியார் ஒருவர் வேஷம் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சிறிய கண்ணாடியை முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டு, தேங்காய் எண்ணெயை முகம் முழுக்கத் தடவினார். உடனே நிறத்தைத் தொடவில்லை. வெற்றிலை போட்டார், யாரிடமோ வண்டிக்கூலி பேசினார். அப்புறம் உள்ளங்கையில் குழைத்த நிறத்தை ஒற்றி ஒற்றி வைத்தார். என் கேள்வியை நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்:

“தேச்சா திட்டுத் திட்டாப் போவும்மா. ஒத்தி எடுக்கணும். எண்ணெ எவ்ளோ வாங்குதோ அவ்ளோதான் பொடி குடுக்கணும்.”

கண்ணைச் சுற்றி வெள்ளையிலும் கறுப்பிலும் கோடும் புள்ளியும் வைத்தபோது மூச்சை அடக்கிக்கொண்டார். அந்தப் புள்ளிகள் அருகில் பார்த்தால் பெரிதாக இருக்கும். தீவட்டி வெளிச்சத்திலும் பிறகு பெட்ரோமாக்ஸிலும், திடலின் கடைசியில் பாய்போட்டு உட்கார்ந்திருந்த கிழவிக்கும் கண்ணின் அசைவு தெரிவதற்காக வந்த அளவு அது.

காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. 1990-ல் பெருங்கட்டூர் ராஜகோபாலும் உடன் ஆடியவர்களும் தொடங்கியது. ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண்பிள்ளைகளும் அங்கே படித்து வேஷம் கட்டினார்கள். தன் முகத்துக்குத் தானே நிறம் வைக்கப் பழகிய பெண்பிள்ளைகள் அவர்கள். என்னிடம் முகத்தைக் கொடுத்துவிட்டுக் கண்மூடி உட்காரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, இவர்களுக்கும் அதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இப்போது கண்ணாடியை அவர்கள் கையில் கொடுத்து இடது கண்ணை அவர்களையே போடச் சொல்கிறேன். முதலில் கோணலாகும். ஆகட்டும், நேரம் இருந்தால் அழித்துவிட்டு மறுபடி போடலாம்.

*

மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் பக்கமாகக் கரையோரம் நடந்தால், அலை திரும்பிப்போன இடங்களில் மணல்மேல் கருவரிகள் கிடக்கும். சில இடத்தில் கருஞ்சிவப்பு. கையில் அள்ளினால் சாதா மணலைவிடக் கனக்கும். கறுப்பு பெரும்பாலும் இல்மனைட், சிவப்பு கார்னெட். கல்பாக்கம் மணலில் மோனசைட்டும் உண்டு. லேசான மணலை அலை இழுத்துப் போக, கனமானவை தங்கிவிடுகின்றன. தெற்கே மணவாளக்குறிச்சியில் இப்படிப்பட்ட மணலிலிருந்துதான் மத்திய அரசு நிறுவனம் தாதுக்களைப் பிரித்தெடுக்கிறது.

இந்தக் கறுப்பு இல்மனைட்டைப் பக்குவப்படுத்தினால் கிடைப்பதுதான் தூய வெள்ளையான டைட்டானியம் டை ஆக்சைடு. சுவர் பெயின்ட்டிலும் அதுவே, என் பொடி டப்பாவிலும் அதுவே. மைக்கா செதிலின் மேல் வானவில்லாகப் படிவதும் அதுவேதான். என் கையில் இருக்கும் பொடி இந்தக் கரையிலிருந்து போனதல்ல. ஆனாலும் ஒருபிடி கருமணலை அள்ளிப் பார்த்த பிறகு டப்பாவைத் திறக்கும் கை கொஞ்சம் நிதானப்பட்டது.

மைக்காவின் கதை அவ்வளவு சாந்தமானதில்லை. நமக்கு வடக்கே ஆந்திரத்தின் கூடூர் பக்கம் பழைய சுரங்கங்கள் உண்டு. ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி பகுதிகளில் கைவிடப்பட்ட குழிகளில் குழந்தைகள் காக்காப்பொன் பொறுக்குவதும், குழி சரிந்து சாவதும் 2016-ல் செய்தியாக வெளிவந்தன. அதைப் படித்தபின் மூலப்பொருள் பட்டியலைப் பார்க்காமல் பொடி வாங்க எனக்கு மனம் வரவில்லை. ‘சிந்தெடிக் ஃப்ளோர்ஃப்லோகோபைட்’ என்று இருந்தால் அது உலையில் செய்த மைக்கா. விலை கூடுதல், மினுக்கமும் கூடுதல். என் கைக்கு எட்டும்போதெல்லாம் அதையே வாங்குகிறேன். எட்டாதபோது மினுக்கமில்லாத நிறத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

*

‘மினரல்’ என்று எழுதியிருந்தால் தீங்கில்லை என்று கல்யாணப் பெண்களின் அம்மாக்கள் நம்புகிறார்கள். பூமிக்குள்ளிருந்து வந்ததெல்லாம் தோலுக்கு நல்லது என்றில்லை. நாடகக்காரர்கள் முகத்தில் பூசிய அரிதாரம் பூமியிலிருந்து வந்த மஞ்சள் தாதுதான், ஆர்சனிக் சல்ஃபைடு. கதகளியில் மனயோலை என்பதும் அந்த வகை. பழைய சுர்மாவில் ஈயச் சல்ஃபைடு இருந்தது, இன்றும் சில இடங்களில் இருக்கிறது. நம் சட்டப்படி அழகுப் பொருளில் சேர்க்கும் நிறத்தில் ஆர்சனிக் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேலும், ஈயம் 20 பங்குக்கு மேலும் இருக்கக் கூடாது. பாக்கெட்டில் நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இல்லாமல் சந்தையில் எடைபோட்டு விற்கும் நிறப்பொடியை, எவ்வளவு அழகாக இருந்தாலும், கண்ணருகே கொண்டுபோக மாட்டேன்.

*

நம் நிறத்துக்கு ஒரு சங்கதி. வெள்ளை அடிநிறம் அதிகமுள்ள பொடி மாநிறத்திலும் கறுப்பிலும் சாம்பல் பூத்ததாகத் தெரியும். புறங்கையில் தடவிப் பார்த்து ஏமாறக் கூடாது, இமையின் தோல் பலருக்கு அதைவிடக் கருமை. செம்பு, வெண்கலம், அரக்கு, கத்தரிப்பூ நிறங்கள் நம் இமையில் தாமாகவே எரிகின்றன. வெளிறிய ரோஸ் கேட்டு வரும் பெண்ணின் ஒரு கண்ணில் அதையும் மறு கண்ணில் செம்பையும் வைத்துக் கண்ணாடியைத் திருப்பிக் காட்டுவேன். அவளே முடிவு செய்யட்டும்.

*

கான்டாக்ட் லென்ஸ் போடுவதாக இருந்தால் ஒப்பனைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். பொடி வைக்கும்போது கண்ணை இறுக்கி மூடினால் இமை சுருங்கி மடிப்புகளில் பொடி ஏறாது. தாடையை லேசாகத் தூக்கி, கண்ணைக் கீழே தழைத்தால் போதும்.

ஒப்பனையைக் கலைப்பது நிகழ்ச்சி முடிந்த களைப்பில் நடப்பதால் அதில்தான் கண்ணுக்குக் கெடுதி அதிகம். தண்ணீரையோ சோப்பையோ முதலில் தொட வேண்டாம். பஞ்சில் எண்ணெய் நனைத்து மூடிய இமையின்மேல் வைத்துவிட்டு, கொலுசையோ சலங்கையோ கழற்றும் நேரம்வரை அப்படியே விட்டால், செதில்கள் பிடி தளர்ந்து பஞ்சுக்கு வந்துவிடும். பிறகு மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. கன்னத்தில் ஒன்றிரண்டு மினுக்கு மிஞ்சினால் பரவாயில்லை, காலையில் போய்விடும். கண்ணுக்குள் போய் உறுத்தினால் தேய்க்க விடாமல் சுத்தமான தண்ணீரால் கழுவ வேண்டும். லென்ஸ் இருந்தால் கழுவுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். அப்புறமும் உறுத்தல் நிற்கவில்லை என்றால், மறுநாள் நிகழ்ச்சி இருந்தாலும் சரி, முதலில் கண் மருத்துவர்.