நூல் நோன்பு

ஓர் ஆசிரியரின் புதினங்களை ஓராண்டுக்குள் படித்து முடிப்பேன் என உறுதி பூணுவோர் உளர். அவ்வுறுதி அறிவு வேட்கையா, எண்ணிக்கைச் செருக்கா?

கல்கியின் பெரும் புதினங்களைப் படிக்க முற்பட்ட மாணவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’ ஆகியவை அவனைத் தாமே ஈர்த்துச் செல்லும். ஐந்து பாகங்கள் கொண்ட ‘பொன்னியின் செல்வன்’ கூடச் சுமையாகத் தோன்றாது. ஆனால், நாட்டு விடுதலையையும் பிரிவினைக் கலவரத்தையும் பின்னணியாகக் கொண்ட ‘அலை ஓசை’யில் அரசரும் இல்லை, கோட்டையும் இல்லை. சுவை மட்டுமே வழிகாட்டினால் அவன் அந்நூலைத் தொடாமலே போகக்கூடும். 1956ஆம் ஆண்டு சாகித்திய அகாதமி பரிசு பெற்றது அந்நூலே. விருப்பம் நின்றுவிடும் இடத்திற்கு அப்பாலும் கொண்டு செல்வதே உறுதியின் பயன்.

எனினும், உறுதியில் ஓர் இடரும் உண்டு. அதனைக் கல்கியின் சிவகாமியே காட்டுகிறாள். வாதாபி எரியும்வரை அந்நகரை விட்டு அகலேன் எனச் சினத்தில் சூளுரைத்தாள். மீட்க வந்த மாமல்லரோடும் செல்ல மறுத்தாள். நகர் எரிந்தது. அதற்குள் மாமல்லர் வேறொருத்தியின் கணவராகியிருந்தார். சொல் வென்றது, வாழ்வு தோற்றது.

கெடு நாளுக்கு அஞ்சிப் பக்கங்களைப் புரட்டி, கருத்தைக் கைவிடும் மாணவனின் வெற்றியும் அத்தகையதே. ஓராண்டு ஈராண்டாகலாம், அதனால் இழிவில்லை. எத்தனை நூல்களை முடித்தாய் என்பதைவிட, எந்த நூல் உன்னை மாற்றியது என வினவுவதே ஆசிரியர்க்கு அழகு.